ஆப்பிரிக்காவில் மரம் யாருக்குச் சொந்தம்?

கொங்கு ரிக்:

வணக்கம். எனக்கு ஊர் திருச்செங்கோடு பக்கம். போர்வெல் ரிக் வண்டியோடு கென்யாவில் நாலு வருஷம் இருந்தேன். எங்கள் பக்கத்து வண்டிகள் ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் ஓடுவது இங்கே நிறைய பேருக்குத் தெரிந்ததுதான். போவதற்கு முன்னால் அந்தக் கண்டத்தைப் பற்றி என் மனதில் இருந்த படம் ஒன்றே ஒன்று. வெடித்த மண், எலும்பும் தோலுமாக ஒரு மாடு. அப்படியும் இடங்கள் உண்டு. ஆனால் நான் பார்த்த ஒன்று இத்தனை வருஷம் கழித்தும் மனதை விட்டுப் போகவில்லை.

ரிஃப்ட் பள்ளத்தாக்கில் பரிங்கோ என்று ஓர் ஏரி. அதற்குப் பக்கத்தில் மரிகாட் என்கிற சின்ன ஊரைத் தாண்டி ரிக்கை நிறுத்தினோம். வண்டியை விட்டு இறங்கிய எனக்கு ஒரு நிமிஷம் எங்கே இருக்கிறோம் என்றே புரியவில்லை. சுற்றிலும் சீமைக்கருவேலம். அதே மஞ்சள் காய், அதே முள். ராமநாதபுரத்தில் போர் ஓட்டப் போனபோது பார்த்த அதே காடு. அங்கே அதற்குப் பெயர் மத்தேங்கே. பொழுது சாய்வதற்குள் கம்ப்ரஸர் லாரியில் இரண்டு டயர் பஞ்சர்.

வேலைக்கு வந்த உள்ளூர்க்காரர் ஒருவர் தன் ஆட்டைப் பிடித்து வாயைப் பிரித்துக் காட்டினார். கீழ்த்தாடையில் முன்பல் பாதி இல்லை. மிச்சம் இருந்ததும் கறுத்துப்போய் ஆடியது. காயில் இனிப்பு அதிகம். வேறு தீனி இல்லாமல் அதையே தின்கிற ஆட்டுக்குப் பல் சொத்தையாகி விழுந்துவிடுகிறது. பல் போன ஆடு புல்லைக் கடிக்க முடியாமல் மெலிந்து சாகும்.

1980களின் தொடக்கத்தில் ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பின் துணையோடு அந்த மரத்தை அங்கே நட்டார்கள். விறகு கிடைக்கும், புழுதி அடங்கும் என்பதுதான் எண்ணம். கெட்ட எண்ணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது ஏரிக்கரை மேய்ச்சல் நிலத்தை மூடிவிட்டது. அந்த மண்ணின் இல்சாமுஸ் மக்கள் அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டு, பல் இல்லாத ஓர் ஆட்டையே கோர்ட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

ஆப்பிரிக்காவுக்கு என்ன பிரச்சினை என்றால் எல்லோரும் பாலைவனம் பரவுகிறது, மரம் நட வேண்டும் என்கிறோம். நட்டார்களே! ஆடு மேய்க்கிறவரிடம் உனக்கு எந்த மரம் வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லையே. மற்ற நாடுகளில் எப்படி, தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

செம்மண்:

அண்ணா, ஆட்டைப் பற்றிப் படித்ததும் மனது கஷ்டமாகிவிட்டது. ஆனாலும் வெளியிலிருந்து வந்தவர்களை மட்டும் குறை சொன்னால் போதுமா? சகாராவுக்குத் தெற்கே 90 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இன்னும் விறகிலும் கரியிலும்தான் சமைக்கிறார்கள். உலகத்தில் தயாராகும் மரக்கரியில் பாதிக்கு மேல் அங்கேதான் தயாராகிறது. ஜனத்தொகையும் ஏறிக்கொண்டே போகிறது. வெட்டுகிற கை கூடினால் காடு எப்படி நிற்கும்? சாட் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1960களில் 25,000 சதுர கிலோமீட்டர் பரந்து கிடந்தது. இருபது முப்பது வருஷத்தில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது.

கொங்கு ரிக்:

தம்பி, கரி விஷயம் உண்மைதான். நைரோபியில் நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்காரம்மா ஜிக்கோ அடுப்பில்தான் சமைப்பார். மேலும் கீழும் அகன்று இடுப்பு ஒடுங்கிய தகர அடுப்பு, உள்ளே சுட்ட மண் பதித்திருக்கும். அந்த மண் சூட்டைப் பிடித்து வைப்பதால் பழைய தகர அடுப்பைவிடக் கரி குறைவாகச் செலவாகும். 1980களில் கென்யாவில் பரவியது. கேஸ் சிலிண்டர் வாங்க மொத்தமாகப் பணம் வேண்டும். கரி என்றால் அன்றைய கூலியில் ஒரு டின் வாங்கி அன்றைய சோற்றை ஆக்கிவிடலாம். அந்த அம்மா காட்டை அழிக்கிறவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜனத்தொகைக்கு வருகிறேன். நைரோபிக்குத் தென்கிழக்கே மச்சாகோஸ் மலைச்சரிவு. 1930களில் வெள்ளைக்கார அதிகாரிகள் மண் எல்லாம் அரித்துப் போச்சு, இனி இது தேறாது என்று அறிக்கை எழுதிவைத்த பூமி. அடுத்த அறுபது வருஷத்தில் அங்கே ஜனம் ஐந்து மடங்குக்கு மேல் பெருகியது. நான் போனபோது பார்த்தது, சரிவு முழுக்கப் படிப்படியாக வரப்பு. ஃபான்யா ஜூ என்பார்கள். சரிவுக்குக் குறுக்கே சமமட்டத்தில் வாய்க்கால் தோண்டி, தோண்டின மண்ணை மேல்பக்கம் வீசி வரப்பாக்குவது. வெள்ளைக்காரன் காலத்தில் கட்டாய வேலையாகச் செய்யவைத்தபோது ஜனங்கள் அதை வெறுத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு பெண்கள் குழுக் குழுவாகச் சேர்ந்து, இன்றைக்கு உன் நிலம், நாளைக்கு என் நிலம் என்று முறை வைத்துத் தாங்களே வெட்டினார்கள். அறுபது வருஷத்தில் கை கூடியது, மண் அரிப்பு குறைந்தது.

வயல்வெளி:

நான் வேளாண்மை படித்தவள். மண் வளம்தான் என் வேலை. செம்மண் சொன்ன சாட் ஏரியில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அது சுருங்கியதற்கு முதல் காரணம் 1970, 80களின் கொடும் வறட்சி. ஏரிக்கு வரும் தண்ணீரில் பெரும்பங்கு சாரி, லோகோன் ஆறுகளில் வருவது. மழை பொய்த்தபோது ஆறு வற்றியது, பாசனமும் கொஞ்சம் இழுத்தது. 1990களுக்குப் பிறகு தண்ணீர் ஓரளவு திரும்பியிருக்கிறது. இன்னும் சுருங்கிக்கொண்டே போகிறது என்று பலர் எழுதுவது சரியில்லை.

கொங்கு ரிக் அண்ணா கேட்ட கேள்விக்கு நைஜர் நாட்டில் ஒரு பதில் இருக்கிறது. (நைஜீரியா வேறு. இது அதற்கு வடக்கே.) மரடி என்ற பகுதியில் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர் 1980களின் தொடக்கத்தில் மரக்கன்று நடும் வேலையைப் பார்த்துவந்தார். நட்ட கன்றில் பெரும்பாலானவை பட்டுப்போயின. 1983ல் ஒரு நாள் காட்டுப்பாதையில் வண்டியை நிறுத்தியவர், புதர் என்று நினைத்த செடியைக் கிட்டப் போய்ப் பார்த்தார். அது வெட்டிய மரத்தின் கட்டையிலிருந்து கிளம்பிய துளிர். வேர் உயிரோடு கீழே இருந்தது. வருஷா வருஷம் விதைப்புக்கு முன் விவசாயிகள் அதை வெட்டி எரித்துக்கொண்டிருந்தார்கள்.

நமக்கு இது புதிதில்லை. கரும்பு வெட்டின பிறகு மறுதாம்பு விடுகிறோமே, அதேதான். கட்டையில் வரும் இருபது துளிரில் நேராகப் போகும் நாலைந்தை மட்டும் விட்டு மற்றதைக் கழிக்க வேண்டும். பக்கக் கிளையை வெட்டிவிட வேண்டும். நாற்றங்கால் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், செலவே இல்லை.

அப்படியானால் அந்த விவசாயிகள் ஏன் அதுவரை செய்யவில்லை? அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே அங்கே மரம் அரசாங்கச் சொத்து. உன் வயலில் நிற்கிற மரமாக இருந்தாலும் அனுமதி இல்லாமல் கிளையை வெட்டினால் வனக்காவலர் அபராதம் போடுவார். ஆகவே மரம் வளர்ந்து தொந்தரவு தருவதற்கு முன்னாலேயே கிள்ளிப் போடுவதுதான் குடியானவனுக்குப் புத்திசாலித்தனம். 1980களின் நடுவில் அந்தப் பிடி தளர்ந்தது. வயலில் வளர்கிற மரத்தை வளர்த்தவரே அனுபவிக்கலாம் என்ற நிலை வந்தது. அப்புறம் பார்த்துப் பார்த்தே ஊர் ஊராகப் பரவியது. பழைய படங்களையும் புதிய செயற்கைக்கோள் படங்களையும் ஒப்பிட்டபோதுதான் விஷயமே வெளியே தெரிந்தது. சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரம் திரும்பியிருந்தது. உலகத்திலேயே பிறப்பு விகிதம் மிக அதிகமான நாடுகளில் நைஜர் ஒன்று. செம்மண் தம்பி இதையும் கணக்கில் எடுங்கள்.

அவர்கள் விட்டுவைத்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது காவோ என்கிற மரம். நம் கருவேலத்துக்குத் தூரத்துச் சொந்தம். மழைக்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு வெயில் காலத்தில் தழைக்கும். அதனால் கீழே விதைத்த பயிருக்கு நிழல் கட்டாது, உதிர்ந்த இலை உரமாகும், கோடையில் மாட்டுக்கு அதன் காய்தான் தீனி. இந்த மரத்தை எந்தத் திட்ட அலுவலகமும் தேர்ந்தெடுக்கவில்லை. அந்த ஊர்க்காரர்களுக்கு அதன் அருமை தலைமுறை தலைமுறையாகத் தெரியும்.

கரிமூட்டம்:

நான் முதுகுளத்தூர் பக்கம். சீமைக்கருவேலத்தைத் திட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். எங்கள் ஊரில் மழை பொய்த்த வருஷமெல்லாம் உலை கொதித்தது அந்த மரத்தால்தான். விறகை வெட்டி அடுக்கி, வைக்கோல் பரப்பி, மண் பூசி மூட்டம் போட்டுவிட்டு நாள் கணக்கில் ராத்திரி பகலாக முழித்துக் காவல் காக்க வேண்டும். எங்காவது மண் விரிந்து காற்றுப் புகுந்தால் கரி சாம்பலாகிவிடும். என் அப்பா அப்படித்தான் எங்கள் மூன்று பேரையும் படிக்கவைத்தார். மதுரை ஐகோர்ட்டு எல்லாவற்றையும் பிடுங்கச் சொன்னபோது எங்கள் வீட்டில் பயந்துபோய் உட்கார்ந்திருந்தோம். கண்மாயில் அது நிற்கக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை நம்பி இருக்கிறவனையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கொங்கு ரிக்:

நீங்கள் சொன்னது நியாயம், தம்பி. பரிங்கோவிலும் இரண்டு பக்கமும் உண்டு. மத்தேங்கேயை வெட்டிக் கரி போட்டு விற்றுப் பிழைக்கிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். இன்னொரு வேலையும் பார்த்தேன். காயை முழுசாக ஆடு மாடு தின்றால் விதை சாணியோடு வெளியே வந்து போகிற இடமெல்லாம் முளைக்கிறது. காயைக் காயவைத்து மில்லில் அரைத்து மாவாக்கினால் விதை நொறுங்கிவிடும். அந்த மாவை மற்ற தீனியோடு அளவாகக் கலந்து கொடுத்தால் பல்லுக்கும் கேடு குறைவு, பரவுவதும் நிற்கும். எத்தியோப்பியாவில் அஃபார் பகுதியிலும் இதே மரம் மேய்ச்சல் நிலத்தைப் பிடித்துக்கொண்டது, அங்கேயும் இப்படி அரைக்கிறார்கள்.

கேட்காவிட்டாலும் தண்ணீரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதுதானே நான் போன வேலை. அந்தப் பள்ளத்தாக்கில் போர் போட்டால் தண்ணீர் கிடைக்கிறது. ஆனால் பல இடத்தில் ஃபுளோரைடு அதிகம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரித்தால் பல்லில் பழுப்புக் கறை. தர்மபுரிப் பக்கம் போர் ஓட்டினவனுக்கு அந்தக் கறை பார்த்ததும் தெரிந்துவிடும். அந்த ஊரில் ஆட்டுக்கும் பல் போச்சு, பிள்ளைக்கும் பல் போச்சு என்று ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை. பரிங்கோ ஏரியோ வற்றவில்லை, பத்து வருஷத்துக்கு மேலாக ஏறிக்கொண்டு வந்திருக்கிறது. கரையோரத்து வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் தண்ணீருக்குள். மொட்டை மரங்கள் தண்ணீருக்கு நடுவில் நிற்கின்றன. ஒரே ஜில்லாவில் வறட்சியும் வெள்ளமும்.

அலையாத்தி:

மரத்தைப் பற்றியே பேசுகிறோம். நான் நைஜீரியாவில் போர்ட் ஹார்கோர்ட்டில் வேலை பார்த்தேன். நைஜர் ஆற்றின் டெல்டா முழுக்க அலையாத்திக் காடு. 1956ல் ஒலோய்பிரியில் எண்ணெய் கண்டுபிடித்த நாளிலிருந்து அந்தக் காட்டின் கதை மாறியது. ராத்திரியில் வானம் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். எண்ணெயோடு வரும் எரிவாயுவைக் குழாய் முனையில் சும்மா எரித்துவிடுகிறார்கள், வருஷக்கணக்காக.

ஒகோனி பகுதியில் ஓர் ஓடைக்கரைக்குப் போயிருந்தேன். நீர் வற்றிய நேரம். பெண்கள் சேற்றில் இறங்கி நத்தை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். கால் வைத்து எடுத்த ஒவ்வொரு தடத்திலும் தண்ணீர் ஊறி நிறைந்தபோது அதன் மேல் வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம் மிதந்தது. 2023 டிசம்பரில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதைப் பார்த்தவர்களுக்கு அந்த வாடை ஞாபகம் இருக்கும். அங்கே அது பல பத்து வருஷத்து வாடை.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2011ல் ஒகோனி பற்றி அறிக்கை வெளியிட்டது. ஒகாலே என்ற ஊரில் ஜனங்கள் குடித்துக்கொண்டிருந்த கிணற்றுத் தண்ணீரில் பென்சீன் என்ற நச்சுப்பொருள், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவைப் போல 900 மடங்குக்கு மேல். முழுசாகச் சுத்தம் செய்ய 25 முதல் 30 வருஷம் ஆகும் என்றார்கள். இதற்காகக் குரல் கொடுத்த எழுத்தாளர் கென் சாரோ-விவாவையும் கூட இருந்த எட்டுப் பேரையும் 1995 நவம்பர் 10 அன்று ராணுவ அரசு தூக்கில் போட்டது. போடோ என்ற ஊரில் 2008ல் குழாய் வெடித்துக் கசிந்ததற்கு லண்டன் கோர்ட்டு வரை போய்த்தான், 2015ல் ஷெல் நிறுவனத்திடமிருந்து 5.5 கோடி பவுண்டு வாங்க முடிந்தது.

வயல்வெளி அக்கா சொன்ன சொத்துக் கேள்வி இங்கேயும் வருகிறது. நைஜீரியச் சட்டப்படி பூமிக்கடியில் உள்ள எண்ணெய் மத்திய அரசுக்குச் சொந்தம். கசிந்த எண்ணெய் மட்டும் ஊர்க்காரர்களின் ஓடையில் கிடக்கிறது.

செம்மண்:

படித்தேன். என் கேள்வியை நான் திருத்திக்கொள்கிறேன். உலக மக்களில் ஆறில் ஒருவர் ஆப்பிரிக்காவில் இருந்தும் கரியமில வாயுவில் அந்தக் கண்டத்தின் பங்கு நூற்றுக்கு நாலு அளவுதான் என்பதை இப்போதுதான் தேடிப் பார்த்தேன். வெட்டுகிற கையைப் பற்றி மட்டும் பேசியது சரியில்லை.

கானாவின் அக்ராவில் கேபிளை எரித்துச் செம்பு எடுக்கிற பையன்கள், வெளிநாட்டிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து கடற்கரையில் ஒதுங்கும் பழந்துணி, இதெல்லாம் தனி இழையில் பேச வேண்டியவை. நானே தொடங்குகிறேன்.

இன்னொன்று. சகாராவின் தெற்கு ஓரமாகப் பெரிய பசுமைச் சுவர் என்று ஒன்று அறிவித்தார்களே, அது என்னவாயிற்று?

வயல்வெளி:

2007ல் ஆப்பிரிக்க ஒன்றியம் தொடங்கியது. செனகலிலிருந்து ஜிபூட்டி வரை 8,000 கிலோமீட்டர். 2030க்குள் 10 கோடி ஹெக்டேரைச் சீராக்குவது இலக்கு. 2020ல் ஐ.நா. கணக்கெடுத்தபோது திட்ட எல்லைக்குள் முடிந்தது சுமார் 40 லட்சம் ஹெக்டேர். முதலில் வரிசையாக மரம் நட்டுச் சுவர் எழுப்புவது என்றுதான் நினைத்தார்கள். நட்டதைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? ஆடு மேயாமல் காக்க யாருக்கு அக்கறை? இப்போது பேச்சு மாறியிருக்கிறது. ஊர் ஊராக அவரவர் நிலத்தைத் தேற்றுவது என்ற பக்கம் திரும்பியிருக்கிறார்கள். நைஜர் குடியானவர்கள் எந்த மாநாட்டுக்கும் காத்திராமல் அதைவிட அதிகமாகச் செய்து முடித்துவிட்டார்கள் என்பதை நான் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லுவேன்.

கென்யாவில் வங்காரி மாத்தாய் 1977ல் தொடங்கிய பசுமைப் பட்டை இயக்கத்திலும் இதே சூட்சுமம். கிராமத்துப் பெண்கள்தான் நாற்று வளர்த்தார்கள். நட்டதற்குக் காசு இல்லை, கன்று பிழைத்தால்தான் சிறு தொகை. 2004ல் அவருக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தபோது நான் காலேஜில் இருந்தேன். ஒரு பெண், அதுவும் மரம் வளர்த்ததற்கு என்று ஹாஸ்டலில் எல்லோரும் அதையே பேசிக்கொண்டிருந்தோம்.

கரிமூட்டம்:

அக்கா, எனக்கு ஒரு சந்தேகம். ஊரில் மூன்று ஏக்கர் மேட்டு நிலம் சும்மா கிடக்கிறது. சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்தாகிவிட்டது. மேல்மண் ஓடு மாதிரி இறுகிப்போய், மழை பெய்தால் தண்ணீர் வழிந்து ஓடிவிடுகிறது. புர்கினா ஃபாசோவில் ஒரு பெரியவர் குழி போட்டே காடு ஆக்கினார் என்று எங்கோ படித்தேன். அதைச் சொல்ல முடியுமா?

வயல்வெளி:

யாக்கூபா சவாடோகோ. 2023 டிசம்பரில் காலமானார். அந்த ஊரில் ஏற்கெனவே இருந்த முறைதான், ஸை என்று பெயர். அவர் அதைத் திருத்திக்கொண்டார். ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான அகலம், அரை முதல் முக்கால் சாண் ஆழம். குழிக்குக் குழி மூன்று நாலு சாண் இடைவெளி. தோண்டின மண்ணைச் சரிவின் கீழ்ப்பக்கம் பிறை மாதிரி அணைத்துவிட வேண்டும். மழைக்கு முன்னால், வெயிலிலேயே தோண்டிவிட வேண்டும். அவர் அப்படித் தோண்டியபோது ஊரே அவரைப் பைத்தியம் என்றது. குழிக்குள் இரண்டு கை மக்கின எரு. எரு வாடைக்குக் கறையான் வரும். அது துளைத்துப் போட்ட வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். கம்பும் சோளமும் விதைத்தார். எருவோடு வந்த மர விதைகளும் முளைத்தன, அவற்றைப் பிடுங்காமல் விட்டார். அப்படித்தான் காடு ஆனது. பிற்பாடு பக்கத்து டவுன் பெருத்து, அந்தக் காட்டிலேயே மனை பிரித்து வீடு கட்டினார்கள். 2018ல் உலகமே அவருக்கு விருது கொடுத்தது, ஆனால் தன் காட்டை முழுசாகக் காப்பாற்றிக்கொள்ள அவர் கையில் உரிமைப் பத்திரம் இல்லை. இந்த இடத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உங்கள் நிலம் செவலா, கரிசலா? கரிசலில் குழி போட்டால் ஐப்பசி மழைக்குத் தண்ணீர் நின்று வேர் அழுகும். செவல் என்றால் தாராளமாகப் போடுங்கள்.

கரிமூட்டம்:

செவல்தான் அக்கா. கறையான் புற்றும் ரெண்டு இருக்கிறது, இடிக்காமல் விட்டுவிடுகிறேன். நிலம் அப்பா பெயரில் பட்டாவோடு இருக்கிறது. முதலில் பத்து சென்டில் போட்டுப் பார்க்கிறேன். ஆடியில் குழி, புரட்டாசியில் விதைப்பு. நாட்டுக் கம்பு விதை அம்மா எடுத்துவைத்திருக்கிறார்.

வயல்வெளி:

கம்பே சகாராவுக்குத் தெற்கே உள்ள அந்த வறண்ட சாகேல் நிலத்துப் பயிர்தான். நாலாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே அங்கே பழக்கி எடுத்தது, அப்புறம்தான் நம் பக்கம் வந்தது. முதல் மழைக்கு அப்புறம் குழியின் படம் எடுத்துப் போடுங்கள். தண்ணீர் எத்தனை நேரத்தில் இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், அதை வைத்து இடைவெளியை மாற்றலாம்.

கொங்கு ரிக்:

போர் போட்டுவிடாதீர்கள் தம்பி. குழியே போதும். மரிகாட்டில் இருக்கும் நம் பையனை அந்த ஆட்டுக்காரரைப் பார்க்கச் சொல்லி, இப்போது என்ன தீனி போடுகிறார் என்று கேட்டு எழுதுகிறேன்.